19 அங்குல கேட்டும் கிண்டியில் வரப்போகும் பூங்காவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் பெரிய பூங்கா அமைக்கப்போவதைப் பற்றிய செய்திகளை நான் ஒன்று விடாமல் படித்து வருகிறேன். சந்தோஷம்தான். ஆனால் படிக்கும்போதெல்லாம் எங்கள் தெருமுனைப் பூங்காவின் கேட்தான் ஞாபகத்துக்கு வருகிறது, அதனால் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கேட் சமாசாரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 2020-ல் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பி வந்துவிட்டது, கோபமும் கூடவே திரும்பி வந்துவிட்டது, கால் மட்டும் வரவில்லை. வீல்சேர்தான். டாக்டர் தினம் கொஞ்சம் வெயில் படட்டும், நாலு மனிதர் முகம் பார்க்கட்டும் என்றார். வீட்டிலிருந்து 200 அடியில் பூங்கா இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனேன்.

கேட்டில் நின்றுவிட்டோம். பைக்கும் மாடும் உள்ளே போகக் கூடாது என்று இரும்புக் குழாயை வளைத்து வளைத்து ஒரு நுழைவு வைத்திருக்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள், உடம்பை ஒருச்சாய்த்து நுழைய வேண்டும். மறுநாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். 19 அங்குலம். இவருடைய நாற்காலியின் அகலம் 25. பக்கத்திலேயே பெரிய கேட் ஒன்று இருக்கிறது, குப்பை வண்டி வரும்போது மட்டும் திறப்பார்கள், மற்ற நேரம் பூட்டு. வாட்ச்மேனிடம் கேட்டால் சாவி தன்னிடம் இல்லை என்கிறார். யாரிடம் இருக்கிறது என்று நானும் கொஞ்ச நாள் அலைந்து பார்த்தேன், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் மூன்றாமவரைக் கைகாட்ட, கடைசியில் மறுபடி வாட்ச்மேனிடமே வந்து சேர்ந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால் பைக் உள்ளே போகாமல் இல்லை. பின்பக்கச் சுவரில் இரண்டு கல் விழுந்த இடத்தில் பையன்கள் பலகை போட்டு ஏற்றிவிடுகிறார்கள். வெளியில் நிற்பது இவர் ஒருவர்தான். தப்பு, இவரோடு தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கும் பக்கத்துத் தெருப் பெண், வாக்கர் வைத்து நடக்கும் ஒரு பெரியவர், ஏழு மாதம் ஆனதும் அந்தக் குழாய்க்குள் நுழையப் பயந்துகொண்டு வாக்கிங்கை நிறுத்திவிட்ட என் மருமகள்.

மனு எழுதிப் போட்டேன். ஆறு மாதம் கழித்து வேலை நடந்தது, சும்மா சொல்லக்கூடாது. கேட்டை விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற மேடைக்குச் சாய்தளம் போட்டார்கள்! மேடையின் உயரம் ஒன்றரை அடி, சாய்தளத்தின் நீளம் மூன்றடி. ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கட்டட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு, மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறையிலும் அப்படித்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஒன்றரை அடிக்கு 18 அடி. மூன்றடியில் போட்டால் அது சறுக்குமரம். குழந்தைகள் அதில் சறுக்கித்தான் விளையாடுகிறார்கள், அந்த மட்டும் பயன்படுகிறதே என்று இருந்துவிட்டேன். சுவரில் நீல வண்ணத்தில் வீல்சேர் படம் வேறு வரைந்திருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. பாண்டி பஜாருக்கு, அதாவது சௌந்தரபாண்டியனார் அங்காடிக்கு, 2019 நவம்பரில் அகலமான நடைபாதை போட்டார்களே, அங்கே இவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் இறக்கி உருட்டிக்கொண்டு போனால், கடைசி வரைக்கும் நான் ஒருத்தியே தள்ளிக்கொண்டு போய்விடுவேன். முதல் தடவை போனபோது, இந்தத் தெருவில் கடைசியாக எப்போது நிதானமாக நடந்தோம் என்று யோசித்தோம், தீபாவளிக் கூட்டத்தில் இடி வாங்கினதுதான் ஞாபகம் வந்தது. நடைபாதை போடும்போது கார் வைத்திருப்பவர்கள் என்னென்னவோ சொன்னார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இப்போது போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார இடம் கிடைக்காது. பெஞ்சில் ஒரு பாட்டி பூ கட்டிக்கொண்டிருப்பாள், பக்கத்தில் வாங்கின பையையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம், அந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு பையன்கள். ஒருவருக்கொருவர் தெரியாது, ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில்.

அப்புறம் மெரினா. மணலில் வீல்சேரைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும், நாலடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்துகொள்ளும், பின்னால் இழுத்தால் ஆளோடு சாயும். மாற்றுத்திறனாளி அமைப்புகள் வருஷக்கணக்காகக் கேட்டார்கள், டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் தற்காலிகமாக ஒரு பாதை போடுவார்கள், அப்புறம் எடுத்துவிடுவார்கள். 2022 நவம்பர் கடைசியில்தான் 263 மீட்டருக்கு நிரந்தர மரப்பாதை வந்தது. வந்து இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் கடல் பக்க முனையைப் பெயர்த்துவிட்டது. அப்போது வாட்ஸ்அப்பில் வந்த கேலியைப் பார்க்க வேண்டுமே, ஒரு கோடி ரூபாய் கடலில் போச்சு என்று! கேலி செய்தவர்களில் எங்கள் உறவுக்காரர்களும் உண்டு, அவர்களுக்கெல்லாம் நல்ல கால். புயலில் சாலை பெயர்ந்தால் சாலையே வேண்டாம் என்று யாராவது சொல்கிறார்களா? சரி செய்தார்கள். அடுத்த வருஷம் பொங்கல் கழித்து நாங்கள் போனோம். பாதை முடிகிற இடத்தில் அலை காலைத் தொடாது, ஆனால் சாரல் முகத்தில் அடிக்கும். இவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நான் கொஞ்சம் கண் கலங்கத் தயாராக இருந்தேன். கடைசியில் அவர் கேட்டது, சுண்டல். வாங்கிக் கொடுத்தால் உப்பு பத்தவில்லை என்று ஒரு சண்டை.

பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் இப்போது அப்படி ஒரு பாதை வந்துவிட்டது. 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் வேறு ஓடுகின்றன. இதெல்லாம் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை, கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் பல வருஷம் நடையாய் நடந்தவர்கள் இருக்கிறார்கள், நடக்க முடியாதவர்கள்தான் அதிகம் நடந்திருக்கிறார்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பொதுமக்கள் வந்துபோகிற கட்டடங்களையெல்லாம், பொழுதுபோக்குக்கு வருகிற இடம் உட்பட, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி ஐந்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. விதிகள் வந்தது 2017, அப்படிப் பார்த்தால் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த வசதிகளைப் பற்றிய விதிகள் வெறும் ஆலோசனை மாதிரி இருக்கின்றன, கட்டாயமாகச் செய்தே ஆக வேண்டியவை எவை என்று பிரித்து மூன்று மாதத்தில் விதி போடுங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. எங்கள் கேட் இன்னும் 19 அங்குலம்தான்.

வீல்சேரை மட்டும் வைத்துப் பேசினால் இது ஏதோ எங்கள் வீட்டுப் பிரச்சினை மாதிரி ஆகிவிடும். எங்கள் பூங்கா காலை பத்து மணிக்குப் பூட்டி சாயங்காலம் நாலு மணிக்குத் திறக்கிறது. இந்த ஆறு மணி நேரத்தில் பூங்கா யாருக்கு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? வாக்கிங் போகிறவர்கள் அப்போது வீட்டில் ஏசியில் இருக்கிறார்கள். நாலு வீட்டில் வேலை செய்கிற பெண்கள், காலை வீடுகளை முடித்துவிட்டு சாயங்கால வீட்டுக்குப் போகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் எங்கே உட்காருவார்கள்? வீட்டுக்குப் போய்வரலாம் என்றால் வீடு கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறது. பெண்களுக்குப் பஸ் 2021-லிருந்து இலவசம், நல்லது, ஆனால் போய்த் திரும்பவே அந்த நேரம் சரியாகிவிடும். அவர்கள் பூங்காச் சுவருக்கு வெளியே, கால்வாய் மூடியின் மேல் வரிசையாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள். சுவருக்கு உள்ளே தூங்குமூஞ்சி மர நிழல் சும்மா கிடக்கிறது. உணவு டெலிவரி செய்கிற பையன்கள் பைக்கின் மேலேயே படுத்துத் தூங்குகிறார்கள். (அவர்களுக்காக 2025-ல் அண்ணா நகரில் ஏசி வைத்த ஓய்வறை ஒன்று வந்தது, ரொம்ப நல்ல வேலை. ஆனால் நிழலுக்குப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லையே, இருக்கிற பூட்டைத் திறந்தால் போதுமே என்று எனக்குத் தோன்றும்.)

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பகலில் திறந்தால் காதல் ஜோடிகள் வரும், குடிகாரர்கள் வந்து படுப்பார்கள் என்றார்கள். ஜோடிகள் வந்தால் வரட்டுமே, வேறு எங்கே போவார்கள், உங்கள் வீட்டு ஹாலுக்குக் கூட்டி வந்தால் விடுவீர்களா என்று கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. குடிகாரர் விஷயம் வேறு, அது நிஜமான தொல்லைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பெஞ்சில் யாரும் படுக்கக் கூடாது என்று எல்லா பெஞ்சுக்கும் நடுவில் இரும்புக் கம்பி வைத்துவிட்டார்கள். குடிகாரர் இப்போது தரையில் படுக்கிறார், அவருக்கு அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இடுப்பு வலிக்காரர்களுக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்ணுக்கும்தான் உட்கார இடைஞ்சல். ஒருத்தரை வெளியே வைக்கப் போடுகிற கம்பி அவரோடு நிற்பதில்லை, நம் கேட் மாதிரியேதான்.

கழிப்பறையைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம், எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். கக்கூஸ் சரியில்லாத பள்ளியில் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரை நீட்டினால் வேண்டாம் டீச்சர் என்பார்கள், நான் டீச்சர் இல்லை என்றாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது அறுபது வயதில் நாங்களும் அதையேதான் செய்கிறோம், வெளியே கிளம்புகிறோம் என்றால் இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். எங்கள் பூங்காவில் பெண்கள் கழிப்பறையில் துடைப்பமும் மண்வெட்டியும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தூய்மைப் பணி செய்யும் அம்மாவுக்குத் தன் சாமானை வைக்க இடம் கொடுக்காமல் பூங்காவை வடிவமைத்தால் அவர் என்ன செய்வார், பாவம். அவரும் அங்கே மனிதர்தானே, அவருக்கும் ஒரு அறை வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சுண்டல்காரம்மா. பூங்கா வாசலில் பதினைந்து வருஷமாகத் தள்ளுவண்டி போட்டிருந்தார், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், முன்பெல்லாம் பெட்ரோமாக்ஸ், பிற்பாடு எல்இடி விளக்கு. அழகுபடுத்துகிறோம் என்று ஒரு நாள் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் இப்போது தொட்டியில் செடி வைத்திருக்கிறார்கள், செடி காய்ந்துவிட்டது. அது கூடப் பரவாயில்லை, ஏழு மணிக்கு மேல் அந்தத் தெருவில் பெண்கள் நடப்பதில்லை. தெருவிளக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் இருந்தார், இப்போது இல்லை, அவ்வளவுதான். 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்று சட்டம் வந்ததே, அதில் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண் என்று இருக்கிறது. அந்தச் சட்டத்தை எழுதினவர் யாரோ தெரு வாசலில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி கிண்டிக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை.

சின்ன வயதில் அப்பா எங்களை உயிர் காலேஜுக்குக் கூட்டிப் போவார். மிருகக்காட்சி சாலைக்கு அப்போது அந்தப் பெயர்தான், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். உயிர் காலேஜ் மூர் மார்க்கெட் பின்னால் இருந்தது. அது இருந்த இடம் பீப்பிள்ஸ் பார்க், கவர்னராக இருந்த ட்ரெவெல்யன் காலத்தில் 1859-ல் தொடங்கியது, 116 ஏக்கர். குளம், பேண்டு மேடை எல்லாம் இருந்ததாம். பார்க் டவுன் என்ற பெயரும் பார்க் ஸ்டேஷன் என்ற பெயரும் அதிலிருந்து வந்தவைதான். இன்று அங்கே போய்ப் பார்க் எங்கே என்று கேளுங்கள், ஸ்டேஷனைத்தான் காட்டுவார்கள். யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதைத் திருடிக்கொண்டு போகவில்லை. ஒரு மூலையில் விக்டோரியா ஹால், ஒரு பக்கம் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் கட்டடம், பிறகு நேரு விளையாட்டரங்கம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது, அந்த இடம் ரயில்வேக்குப் போனது, உயிர் காலேஜும் அதே வருஷம் வண்டலூருக்குப் போனது. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் ஊருக்கு வேண்டிய காரியம்தான், ஒன்றைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது, அதுதான் பயமாக இருக்கிறது. மிச்சம் மை லேடீஸ் பூங்கா இருக்கிறது, ஒரு துணுக்கு.

கிண்டியில் ரேஸ் கோர்ஸ் நிலத்திலிருந்து 2024-ல் தோட்டக்கலைத் துறைக்குப் பூங்காவுக்கென்று ஒதுக்கியது 118 ஏக்கர். 116, 118. கணக்குப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, தொலைத்ததை ஏறக்குறைய அதே அளவில் ஊர் திரும்ப வாங்குகிறது. அந்த நிலத்தைப் பற்றிய வழக்கு விவகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். பூங்கா வருமென்றால் எப்படி வர வேண்டும் என்று இப்போதே பேச வேண்டும், கல்வெட்டு திறந்த பிறகு பேசி என்ன?

முதலில் கட்டணம். அதே 2024-ல் கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் பெரியவர்களுக்கு 100 ரூபாய், பிள்ளைகளுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். அழகான இடம், இல்லை என்று சொல்லவில்லை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் உள்ளே கால் வைக்கவே 300 ரூபாய். கால்வாய் மூடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளத்தில் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பராமரிக்கப் பணம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற ஜிப்லைனுக்கு வாங்குங்கள், கார் நிறுத்தத்துக்கு வாங்குங்கள், நன்றாகவே வாங்குங்கள், நிழலுக்கு வாங்காதீர்கள்.

அப்புறம் கேட், நான் எங்கே போனாலும் கேட்டுக்குத்தான் வருவேன். 118 ஏக்கருக்கு ஒரு அலங்கார வளைவு மட்டும் வைத்தால் வேளச்சேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர் சுற்றிக்கொண்டு வரவே களைத்துவிடுவார், பல பக்கமும் வழி வேண்டும். வரைபடம் போடுகிறவர்கள் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து கேட்கட்டும், கண் தெரியாதவரிடம், வீட்டு வேலை செய்கிறவரிடம், திருநங்கைகளிடம், பந்து விளையாட இடமில்லாத பையன்களிடம், சுண்டல்காரம்மாவிடம். எங்கள் பூங்காச் சாய்தளத்தைப் போடும்முன் இவரை ஒருதரம் கேட்டிருந்தால் ஒரு மூட்டை சிமெண்டாவது மிச்சமாகியிருக்கும்.

பூங்கா வந்த பிறகு, பத்து வருஷம் கழித்து யாராவது ஒரு மூலை மட்டும் கேட்பார்கள், நல்ல காரியத்துக்குத்தான் கேட்பார்கள், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு அரங்கம், ஒரு நினைவு மண்டபம். அப்போது உங்கள் நாளிதழ் பார்க் ஸ்டேஷன் படத்தை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் நிருபர்களில் யாரையாவது ஒரு நாள் வீல்சேரில் உட்கார்ந்து எங்கள் பேட்டையைச் சுற்றி வந்து எழுதச் சொல்லுங்கள். நாற்காலிக்கு வெளியே அலைய வேண்டாம், எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் இவர் தூங்குவார், அப்போது எடுத்துக்கொண்டு போகலாம். அந்த நேரத்தில் பூங்கா பூட்டியிருக்கும், அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33